தொழில் நடத்தும் தந்தையின் உடல்நலம்

சொந்தத் தொழில் நடத்தும் தந்தைக்குத் தொழில், குடும்பம், தன் வளர்ச்சி என மூன்று பொறுப்புகள் உண்டு. மூன்றுமே அவருடைய உடலை நம்பி நடப்பவை. நேரம் போதாதபோது தொழிலில் எதுவும் குறைவதில்லை. முதலில் உறக்கம் குறைகிறது, பிறகு உடற்பயிற்சி, அதன்பின் பிள்ளைகளோடு இருக்கும் பொழுது. இந்த இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. சில ஆண்டுகள் கழித்து உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், மனச்சோர்வு, விலகிப்போன உறவு என்று அது வெளியே தெரியும். மன உறுதியால் மட்டும் இதைத் தடுத்துவிட முடியாது. வேலைகளைப் பங்கிடும் முறையையும் வீட்டின் அன்றாட ஒழுங்கையும் மாற்றுவதே இதற்கான அடிப்படை வழி. அதை எருமப்பட்டி வட்டாரத்தை வைத்துப் பார்க்கலாம்.

எருமப்பட்டி வட்டாரத்தின் தொழில்கள்

நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில், கொல்லிமலையை ஒட்டிய சமவெளியில் அமைந்த பேரூராட்சி எருமப்பட்டி. சேலத்திலிருந்து பிரிந்து 1997 ஜனவரி 1 முதல் தனியாக இயங்கும் நாமக்கல் மாவட்டம் முட்டைக்கோழிப் பண்ணை, லாரிப் போக்குவரத்து, லாரி பாடி கட்டும் பட்டறை, ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆகியவற்றுக்குப் பெயர்பெற்றது. இத்தொழில்களில் பல, குடும்பத்தார் சேர்ந்து நடத்துபவை. முதலாளி, மேற்பார்வையாளர், கணக்கர் என எல்லா வேலையையும் ஒருவரே பார்ப்பது வழக்கம்.

முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேர வெளிச்சம் தரப்படுகிறது. விளக்கு எரியும் நேரமெல்லாம் பண்ணையில் வேலை இருக்கும். ஏறத்தாழ 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும் கோழி 72 வாரம் வரையிலோ அதற்கு மேலுமோ இடும். அதுவரை ஞாயிறு, பண்டிகை என்று பண்ணைக்கு ஓய்வு கிடையாது. செலவில் பெரும்பங்கு தீவனத்துக்குப் போகிறது. மக்காச்சோளம், சோயா விலையைச் சந்தை முடிவுசெய்கிறது. முட்டை விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. இரண்டும் பண்ணையாளரின் கையில் இல்லை. லாரி உரிமையாளருக்கு வண்டி ஓடினால்தான் தவணை கட்ட முடியும். பழுது, விபத்து, சோதனைச் சாவடிச் சிக்கல் எதுவானாலும் நள்ளிரவிலும் அழைப்பு வரும். ரிக் வண்டியோடு போகிறவர் வெளிமாநிலங்களில் மாதக்கணக்கில் தங்க நேரிடுகிறது.

ஆகவே தந்தை வீட்டில் இல்லாமை மூன்று விதமாக அமைகிறது. பண்ணையாளர் வீட்டருகிலேயே இருந்தும் கவனம் பண்ணையிலேயே இருக்கிறது. லாரிக்காரரின் இரவு வீட்டுக்குக் கிடைப்பதில்லை. ரிக் தொழில் செய்பவர் பல மாதங்கள் ஊரிலேயே இருப்பதில்லை. மூன்றுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

நீண்ட வேலை நேரமும் இதயமும்

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் ஒரு கூட்டு ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோரைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்வோருக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதயத் தமனி நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று அது கணித்தது. 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 7,45,000 இறப்புகள் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடையவை. நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் ஏழு நாளும் உழைத்தாலே வாரத்துக்கு 56 மணி நேரம் ஆகிவிடும். பண்ணை, பட்டறை உரிமையாளர்களில் பலர் இந்த எல்லையை வெகு எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள்.

இந்த அபாயத்துக்கு இரண்டு வழிகளில் காரணம் சொல்லப்படுகிறது. தொடர்ந்த பரபரப்பால் அட்ரினலின், கார்டிசால் சுரப்பு உயர்ந்து இரத்த அழுத்தத்தை மேலே நிறுத்துகிறது. நேரமில்லாமையால் புகை, மது, நேரம் தவறிய உணவு, நடையின்மை ஆகியவை சேர்ந்துகொள்கின்றன. இரண்டாவதை மாற்றுவது தந்தையின் கையில் இருக்கிறது.

உறக்கம்

வயது வந்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் தேவை. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும், வயிறு நிறைந்ததை உணர்த்தும் சுரப்பு குறையும், இன்சுலின் செயல்படும் திறனும் மங்கும். உறக்கம் கெட்டவருக்கு எடை கூடுவதும் சர்க்கரை நோய் வருவதும் இதனால்தான் எளிதாகிறது.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வினை வேகமும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவருடைய அளவுக்குக் குறைகின்றன என்பது ஆய்வுகளில் தெரியவந்தது. இந்தியச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். ஒரு துளியும் குடிக்காதவர்கூட அதிகாலையில் ஸ்டியரிங் பிடிக்கத் தகுதியற்ற நிலையில் இருக்கக்கூடும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேர வேலையையும், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் குறைந்தது அரை மணி நேர ஓய்வையும் விதித்தது. தன் வண்டியைத் தானே ஓட்டும் உரிமையாளரும் இதே அளவைத் தனக்கு வைத்துக்கொள்வது உயிரைக் காக்கும்.

உணவு, சர்க்கரை, இரத்த அழுத்தம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும், 31.5 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருப்பதாக மதிப்பிட்டது. தொடக்கத்தில் இவை எதுவும் வலிப்பதில்லை. வேலை ஓடிக்கொண்டே இருக்கும்போது பரிசோதனை தள்ளிப்போவதற்கு இதுவே காரணம்.

கடைத் தேநீரில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை சேர்ந்தால் அது சுமார் 8 முதல் 10 கிராம். லோடு ஏற்றும் இடம், தீவனக் கடை, வங்கி வாசல் என்று நாளுக்கு ஆறு தேநீர் குடிப்பவர் 50 கிராமைத் தொட்டுவிடுகிறார். 2,000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லையே 50 கிராம்தான். அதில் பாதியாகக் குறைப்பது இன்னும் நல்லது என்றும் அது கூறுகிறது. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கடை மிக்சர் ஆகியவற்றைக் குறைப்பது இதற்கு உதவும்.

நல்ல உணவுக்கு வட்டாரத்தில் பஞ்சமில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. கொல்லிமலையில் விளையும் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை நார்ச்சத்து மிக்கவை. காலை உணவைத் தவிர்த்துவிட்டு மாலை நான்கு மணிக்கு வயிறு நிறைய உண்பதைவிட, வீட்டில் உண்டோ கட்டிக்கொண்டோ நேரத்துக்குச் சாப்பிடுவது சர்க்கரை அளவை நிலையாக வைக்கும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட நடையோ மிதிவண்டியோ வேண்டும். கொட்டகை கொட்டகையாக நின்று பார்ப்பதை இதில் சேர்க்க முடியாது. மூச்சு சற்று வாங்கும் வேகத்தில் அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள் நடப்பதே கணக்கு.

பண்ணைத் தூசியும் வீடும்

கோழி எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும், தீவனமும் இறகும் கலந்த தூசியும் மூச்சுக்குழாயை உறுத்துகின்றன. நாள்பட்ட இருமல், இழுப்பு, மார்பு இறுக்கம் இருந்தால் அதைச் சளி என்று ஒதுக்கிவிடக் கூடாது. கொட்டகையில் முகக்கவசம் அணிவதும் காற்றோட்டம் ஏற்படுத்துவதும் பாதுகாப்பு.

பண்ணைச் செருப்பும் சட்டையும் வீட்டுக்குள் வருவது குழந்தைக்கு ஆகாது. எச்சத்தின் வழியே வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி பரவக்கூடும். உடையைப் பண்ணையிலேயே மாற்றி, சோப்பு போட்டுக் கைகால் கழுவிய பிறகு குழந்தையைத் தூக்குவது நல்லது. கோழிகள் திடீரெனக் கூட்டமாக இறந்தால் பாதுகாப்பின்றித் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடன், மனச்சோர்வு, மது

விலை சரிந்த மாதத்திலும் தவணை தேதி மாறாது. இந்த நெருக்கடி ஆண்களிடம் அழுகையாக வெளிப்படுவது குறைவு. எரிச்சல், பேச்சு குறைதல், தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, கூடிவரும் குடி ஆகியவையே அதன் அடையாளங்கள். குழந்தை பிறந்த முதல் ஆண்டில் தந்தையருக்கும் மனச்சோர்வு வருவதுண்டு. 2010இல் வெளியான பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு, ஏறத்தாழப் பத்தில் ஒரு தந்தைக்கு அது ஏற்படுவதாகக் கண்டது.

கடனின் முழுக் கணக்கையும் மனைவியிடம் மறைப்பது சுமையை இரட்டிப்பாக்குகிறது. வீட்டுச் செலவையும் தொழில் பணத்தையும் தனித்தனி வங்கிக் கணக்கில் வைத்து, மாதம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து பார்ப்பது மனநலத்துக்கும் உதவும். மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவுபடுத்தியது. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணில் இரவும் பகலும் இலவச மனநல ஆலோசனை தமிழிலும் கிடைக்கிறது. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எழுந்தால் அன்றே அழைக்க வேண்டும்.

பிள்ளைகளோடு இருத்தல்

குழந்தையைப் பேணுவதற்கு ஆணின் உடலும் ஏற்றபடி மாறுகிறது. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வு, தந்தையானவர்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைவதையும், குழந்தையோடு அதிக நேரம் செலவிடுவோரிடம் அது மேலும் குறைந்திருப்பதையும் காட்டியது. மத்திய அரசு ஊழியரான ஆணுக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் விடுப்பு உண்டு. சொந்தத் தொழில் செய்பவருக்கு அப்படித் தருவார் யாருமில்லை. பிரசவத் தேதி தெரிந்ததுமே அண்ணன் தம்பியிடமோ பங்காளியிடமோ பொறுப்பை ஒப்படைக்க ஏற்பாடு செய்துகொள்வதே அவருக்கான விடுப்பு.

விடுதிப் பள்ளிகளுக்கும் நாமக்கல் மாவட்டம் பெயர்பெற்றது. கட்டணம் கட்டியதோடு கடமை முடிந்ததாக எண்ணும் போக்கு இங்கே எளிதில் வந்துவிடுகிறது. பதின்ம வயதுப் பிள்ளையிடம் மதிப்பெண் தவிர்த்த பேச்சும் இருக்க வேண்டும். 1938இல் தொடங்கி இன்றும் தொடரும் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு, 50 வயதில் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே 80 வயதில் கூடுதல் நலத்தோடு இருந்ததைக் கண்டறிந்தது. பிள்ளைகளோடு செலவிடும் நேரத்தால் தந்தையின் முதுமைக்கும் பயன் உண்டு.

தொழிலை மாற்றி அமைத்தல்

பண்ணையாளருக்குத் தேவை கவனத்தை மீட்பது. ஒவ்வொரு கொட்டகைக்கும் பொறுப்பாளர் ஒருவரை வைத்து, தீவன அளவு, முட்டை எண்ணிக்கை, இறப்பு ஆகியவற்றை எழுதும் பதிவேட்டைக் கொடுத்தால், நேரில் நின்று பார்க்க வேண்டிய நேரம் குறையும். இரவு உணவு நேரத்தில் கைப்பேசியை ஒதுக்கி வைக்கலாம். பங்குதாரர்கள் முறை வைத்துக்கொண்டால் ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும்.

லாரி உரிமையாளருக்குத் தேவை இரவை மீட்பது. ஒரே பாதையில் வண்டி ஓட்டும் இருவர் சேர்ந்து இரவு அழைப்புகளை வாரம் மாற்றி வாரம் ஏற்றுக்கொள்ளலாம். நெடும்பயணம் முடித்து வந்தவர் முழு இரவு உறங்காமல் அடுத்த லோடுக்கு ஏறக் கூடாது.

ரிக் தொழிலில் இருப்பவருக்குத் தேவை தொடர்பை விடாமல் காப்பது. நாள்தோறும் குறித்த நேரத்தில் காணொளி அழைப்பு, பிள்ளையின் தேர்வு, விழாத் தேதிகளைத் தன் கைப்பேசியில் குறித்துக்கொள்வது, ஊர் திரும்பிய முதல் இரண்டு நாளை வரவு செலவுப் பேச்சின்றி வீட்டுக்கே கொடுப்பது ஆகியவை பயன்தரும்.

தன் வளர்ச்சி

தொழில் ஒன்றையே தெரிந்தவருக்குத் தொழில் சரியும்போது தன்மதிப்பும் சேர்ந்து சரிகிறது. கற்றலும் பிற ஈடுபாடும் இதைத் தாங்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் பண்ணைத் தொழிலுக்கான பயிற்சிகளை நடத்துகிறது. பாதியில் படிப்பை விட்டவர்கள் 2002இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொடரலாம். நூலக வாசிப்பு, இசை, விளையாட்டு எதுவும் பயனுள்ளதே. பிள்ளை படிக்கும் அதே மேசையில் அரை மணி நேரம் தந்தையும் படித்தால், தன் வளர்ச்சிக்கும் குடும்பத்துக்கும் சேர்த்தே நேரம் கிடைக்கிறது.

பரிசோதனையும் அவசர உதவியும்

30 வயதைக் கடந்தவர் ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேலும், வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேலும், இடுப்பு 90 செ.மீ.க்கு மேலும் இருந்தால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தச் சோதனைகள் இலவசம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நீண்டகால நோயாளிகளுக்கு மாத்திரைகளை வீட்டிலேயே சேர்க்கிறது. மேல் சிகிச்சைக்கு 2022இல் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சர்க்கரை, அழுத்த மாத்திரைகளை நலம் தெரிந்ததும் தானே நிறுத்தக் கூடாது.

மார்பில் அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வையோடு மூச்சுத்திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். வாய் கோணுதல், ஒரு பக்கக் கைகால் தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். வாயுத்தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருப்பதும், தானே வண்டியை ஓட்டிச் செல்வதும் ஆபத்து. உடனே 108ஐ அழைக்க வேண்டும். மாரடைப்புக்கான முதற்கட்ட மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே தரும் இதயம் காப்போம் திட்டம் 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த அறிகுறிகளையும் எண்களையும் தந்தை மட்டுமல்லாமல் மனைவி, வளர்ந்த பிள்ளைகள், பண்ணை ஆட்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். உதவி தேவைப்படும் நேரத்தில் அழைக்கப் போகிறவர்கள் அவர்களே.