வீடு தேடும் ஆப்: உள்ளே என்ன நடக்கிறது?

சென்னையில் வீடு வாங்க நினைப்பவர்கள் இன்று முதலில் திறப்பது ஆப்பைத்தான். ஏரியா, பட்ஜெட், எத்தனை பெட்ரூம் என்று தட்டினால் வரிசையாக வீடுகள் வந்து நிற்கும். அவை எப்படி வருகின்றன, எது வராமல் போகிறது என்று தெரிந்துகொண்டால் பல ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம். இதை ஒரு காய்கறிச் சந்தையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், சரக்கு வரும் வழி. சந்தையை நடத்துபவர் காய் விளைவிப்பதில்லை. கூடை வைக்க இடம் தருகிறார். ஆப்பும் அப்படித்தான். உரிமையாளர், புரோக்கர், பில்டர் ஆகியோர் தாங்களே விவரங்களை ஏற்றுகிறார்கள். அதனால் ஒரே வீடு நான்கு புரோக்கர்களின் பெயரில் நான்கு விலையில் தெரியும். விற்றுப்போன வீட்டைக்கூடச் சிலர் நீக்குவதில்லை. போன் செய்தால், "அது நேத்துதான் முடிஞ்சுது சார், அதே பட்ஜெட்ல இன்னொண்ணு இருக்கு" என்பார்கள். விளம்பரம் அங்கே கிடப்பதே அந்த போன் வரட்டும் என்றுதான்.

பிறகு, அடுக்கும் முறை. முன்வரிசை இடம் பெரும்பாலும் பணம் கட்டியவருக்கு. ஆகவே முதலில் தெரிவதெல்லாம் நல்ல வீடு என்று எண்ண வேண்டாம். பளபளக்கும் தக்காளியை மேலே அடுக்குவதுபோல் போட்டோக்களும் தேர்ந்தெடுத்தவையே. வைட் ஆங்கிளில் எடுத்தால் பத்துக்குப் பத்து அறையும் ஹால்போலத் தெரியும். ஜன்னலுக்கு மூன்றடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர் இருப்பது படத்தில் வராது.

அடுத்தது எடை. பணம் அதிகம் கைவிட்டுப் போவது இங்கேதான். காலிஃபிளவரை இலையும் தண்டுமாக நிறுத்தால் என்ன ஆகும்? அதுபோலத்தான் 'சூப்பர் பில்ட்-அப்' கணக்கு. படிக்கட்டு, லிஃப்ட், பொது நடைபாதை ஆகியவற்றில் உங்கள் பங்கும் அதில் சேரும். 1,000 சதுர அடி என்று போட்ட வீட்டுக்குள் கார்பெட் ஏரியா, அதாவது நீங்கள் புழங்கும் இடம், 700 சதுர அடியே இருக்கலாம். விலை 70 லட்சம் என்றால், ஆப்பில் சதுர அடி 7,000 ரூபாய். கார்பெட் ஏரியாவுக்குக் கணக்குப் போட்டால் 10,000 ரூபாய். ஆகவே இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது கார்பெட் ஏரியாவை மட்டும் ஒப்பிடுங்கள். விலையிலும் ஆப் காட்டுவது கேட்கும் விலை. பேரம் முடிந்த விலை அல்ல.

அதன்பின், உங்கள் போன் நம்பர். 'தொடர்புகொள்ள' என்ற பட்டனை அழுத்தியதும் அது விளம்பரதாரரிடம் போய்ச் சேர்கிறது. தொழிலில் இதற்கு 'லீட்' என்று பெயர். ஆப் நிறுவனங்களுக்கு வருமானம் தரும் சரக்கு இதுவும்தான். அதனால்தான் ஒரு வீட்டைக் கேட்டவருக்குப் பத்துப் பேர் கூப்பிடுகிறார்கள்.

கடைசியாக, ஆப் காட்டவே முடியாத பகுதி. கத்தரிக்காயில் புழு இருக்கிறதா என்று நறுக்கினால்தான் தெரியும். வீட்டின் புழு பத்திரத்தில் இருக்கும், தரையிலும் இருக்கும். ஆகவே, வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் பாருங்கள். ஆனால் பதிவாகாத வாரிசு உரிமையும் வழக்கும் அதில் தெரியாது. எனவே மூலப்பத்திரம், பட்டா, அப்ரூவல் பிளான், யுடிஎஸ் (நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு) ஆகியவற்றை வக்கீலிடம் காட்டுங்கள். புதிய அடுக்ககம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு ரெரா தளத்தில் சரிபாருங்கள். ரெரா சட்டப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது.

தரையைப் பார்க்க மழைநாளில் போங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையும் வெள்ளத்தில் நின்றன. தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்தத் தெரு மளிகைக் கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

எந்தெந்த ஏரியாவில் என்னென்ன வீடு இருக்கிறது என்று அறிய ஆப் போதும். அட்வான்ஸ் கொடுக்க அது போதாது. பத்திரத்தைப் படித்து, வீட்டுக்குள் நடந்து பார்க்கும் வரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.