பாறை எதிர்த்திசையில் நகரும்போது

நெடுமங்காடு, விதுரா தாண்டிப் பொன்முடிக்கு ஏறுகிற சாலையில், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் வருகிறது கல்லாறு. வாமனபுரம் ஆற்றுக்குத் தண்ணீர் சேர்க்கும் மலை ஆறு அது. உருண்டு வழவழத்த கற்களுக்கு நடுவே நீர் விரைந்து ஓடும். இங்கே பார்வையைப் பற்றிய மிகப் பழைய சோதனை ஒன்றை யாரும் செய்து பார்க்கலாம். அதற்காக ஆற்றில் இறங்க வேண்டாம். மலையில் மழை பெய்தால் சட்டென்று பெருகும் ஆறு, சுழிகளும் உண்டு. கரையில் நின்றாலே போதும். ஓடும் நீரில் ஓரிடத்தைத் தேர்ந்து, கண்ணை அங்கிங்கு அலையவிடாமல் ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு கரையோரப் பாறை ஒன்றைப் பாருங்கள். பாறை ஆற்றின் போக்குக்கு எதிராக மெல்ல நகரத் தொடங்கும். சில நொடிகளில் நின்றுவிடும். மீன்முட்டி அருவி வரை நடந்து சென்று விழும் நீரைப் பார்த்தால், பக்கத்துப் பாறை மேலே ஏறுவதுபோல் தோன்றும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பாறை நகர்கிறது, ஆனால் இருந்த இடத்தைவிட்டு அது போவதே இல்லை. நிஜ உலகில் இப்படி ஒன்று நடக்கவே முடியாது. நம் மூளைக்குள் ‘அசைவு’ என்பதும் ‘இடம்’ என்பதும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகின்றன என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வந்து சேர மனிதர்களுக்கு 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வேகமாக ஓடும் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நிலையான பொருள்களும் நகர்வதாகத் தோன்றும் என்று அரிஸ்டாட்டில் கனவுகளைப் பற்றிய தன் நூலில் குறித்திருக்கிறார். 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் அதையே கண்டு எழுதினார். விழும் நீரைப் பார்த்த பின் பக்கத்துப் பாறை மேலேறியது. கண்ணின் தசைகள் விழும் நீரைத் தொடர்ந்து பின்பற்றிப் பழகிவிடுகின்றன, பார்வை பாறைக்கு மாறிய பிறகும் நமக்குத் தெரியாமலே அவை அசைந்துகொண்டிருக்கின்றன என்பது அவர் தந்த விளக்கம். அன்றைய அறிவுக்கு அது பொருத்தமாகவே இருந்தது. பார்வையில் கோளாறு என்றால் காரணம் கண்ணில்தான் இருக்க வேண்டும். வேறு எங்கே இருக்கும்?

சுழலும் திருகுசுழி ஒன்று அந்த விளக்கத்தை உடைத்தது. ஜோசஃப் பிளாட்டோ 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதைக் காட்டினார். உள்நோக்கிச் சுருங்குவதுபோல் சுழலும் திருகைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு வேறெதையாவது பார்த்தால், அது எல்லாப் பக்கமும் விரிவதுபோல் தெரியும். ஒரே நேரத்தில் எல்லாத் திசைகளிலும் எந்தக் கண்ணும் அசைய முடியாது. கல்லாற்றிலேயே செய்யக்கூடிய இன்னொரு சோதனையும் இருக்கிறது. இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் மட்டும் நீரைப் பாருங்கள். பிறகு வலக்கண்ணை மூடி, நீரைப் பார்க்கவே செய்யாத இடக்கண்ணால் பாறையைப் பாருங்கள். வேகம் சற்றுக் குறைந்தாலும் பாறை நகரும். ஆக, மாறியது கண் மட்டுமில்லை. இரு கண்களின் செய்தியும் ஒன்று சேரும் இடத்திலோ அதற்கு அப்பாலோ ஏதோ மாறியிருக்கிறது.

அந்த இடம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, பாதை முழுவதையும் ஒருமுறை நடந்துவிடுவது நல்லது. விழித்திரையில் வெளிச்சத்தை உணரும் செல்கள் ஏறத்தாழ 10 கோடி இருக்கின்றன. அங்கிருந்து மூளைக்குக் கிளம்பும் பார்வை நரம்பில் இருக்கும் இழைகளோ பத்துப் பன்னிரண்டு லட்சம்தான். கிடைத்ததையெல்லாம் அப்படியே அனுப்ப வழியில்லை. அதனால் விழித்திரை முதலிலேயே சலித்துவிடுகிறது. ஒரே சீராக இருக்கும் பரப்பைப் பற்றி அதிகம் சொல்லாது. விளிம்பையும் மாற்றத்தையும் பற்றித்தான் சொல்லும். இரு நரம்புகளும் மூளையின் அடியில் சந்திக்கும் இடத்தில், ஒவ்வொரு விழித்திரையிலும் மூக்கை ஒட்டிய பாதியிலிருந்து வரும் இழைகள் குறுக்கே கடக்கின்றன. அதனால் நமக்கு இடப்பக்கம் இருப்பது எந்தக் கண்ணில் விழுந்தாலும் வலப்பாதி மூளைக்கே போகிறது.

அடுத்து, மூளையின் நடுவில் தலாமஸ் என்ற பகுதியில் ஆறு அடுக்குள்ள ஒரு சிறு திரள். கீழ் இரண்டு அடுக்குகளில் பெரிய செல்கள், மேல் நான்கில் சிறியவை. பெரிய செல்கள் விரைவானவை. மங்கலான வேறுபாட்டையும் பிடிப்பவை. அசைவுச் செய்தி பெரும்பாலும் இவற்றின் வழியே போகிறது. நிறமும் நுணுக்கமும் சிறிய செல்களின் பொறுப்பு. ஆறு அடுக்குகளில் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கண்ணுக்கு மட்டுமே உரியது. இரண்டின் செய்தியும் இங்கே கலப்பதில்லை. அவை சேர்வது, பிடரிக்கு நேர் உள்ளே இருக்கும் பெருமூளைப் புறணியின் முதல் பார்வைப் பகுதியில். நம் கல்லாற்றுச் சோதனை சுட்டிக்காட்டுவது இந்த இடத்தையும் இதற்கு அடுத்தவற்றையும்தான்.

டேவிட் ஹூபலும் டார்ஸ்டன் வீசலும் 1958-இல் அங்கே நுண்மின்முனையை நுழைத்துக் கேட்டார்கள். மயக்கத்தில் இருந்த பூனைக்கு வட்டப் புள்ளிகளைக் காட்டியபோது செல் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. அந்தப் புள்ளிகள் இருந்த கண்ணாடிச் சில்லை மாற்றும்போது, அதன் விளிம்பின் மெல்லிய நிழல் திரையில் நகர்ந்தது. உடனே செல் படபடத்தது. ஒரு குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்கு ஒரு செல், ஒரு குறிப்பிட்ட திசையில் அது நகர்ந்தால் மட்டும் எழும் இன்னொரு செல் என்று ஒரு புதிய உலகமே அதிலிருந்து திறந்தது. 1981-இல் நோபல் பரிசு வந்தது.

1963-இல் ஹொரேஸ் பார்லோவும் ஹில்லும் முயலின் விழித்திரையில் திசையறியும் செல்களுக்கு ஒரே திசை அசைவை நெடுநேரம் காட்டினார்கள். செல்லின் துடிப்பு படிப்படியாகத் தளர்ந்தது. அசைவை நிறுத்தியதும் வழக்கமான ஓய்வுத் துடிப்புக்கும் கீழே இறங்கியது. அருவிக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. ‘மேலே’ சொல்லும் செல்களும் ‘கீழே’ சொல்லும் செல்களும் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் துடித்துக்கொண்டே இருக்கின்றன. இரண்டும் சமமாக இருந்தால் அசைவில்லை என்று பொருள். ‘கீழே’ செல்கள் களைத்துப்போனால் ‘மேலே’ செல்களின் சாதாரண முணுமுணுப்பே ஓங்கிவிடும், பாறை ஏறும். மனிதரில் இது முக்கியமாகப் புறணியில் நடக்கிறது. எம்.டி. அல்லது வி5 எனப்படும் பகுதியில் பெரும்பாலான செல்களும் திசையறிபவைதான். பக்கவாதத்தால் ஏறத்தாழ இந்தப் பகுதியை இருபுறமும் இழந்த ஒரு பெண்ணைப் பற்றி 1983-இல் மியூனிக்கில் ஜோசஃப் ஜீலும் சகாக்களும் எழுதினார்கள். கோப்பையில் ஊற்றிய தேநீர் அவருக்கு உறைந்த பனியாறுபோல் நின்றது. சாலையில் தூரத்தில் தெரிந்த கார் திடீரென்று அருகில் இருந்தது. நிறமும் வடிவமும் நன்றாகவே தெரிந்தன. அவர் கல்லாற்றுக்கரையில் நின்றிருந்தால் ஆறு ஓடியிருக்காது.

இதுவரை சொன்னது ஒருவழிக் கதை. நான் பாடம் படித்த காலத்திலும் இப்படித்தான் சொன்னார்கள். கண் அனுப்பும், தலாமஸ் தபால் நிலையம்போல் வாங்கி அடுத்த ஊருக்கு அனுப்பும், புறணி பிரித்துப் படிக்கும். இன்று இந்தப் படம் பாதிதான் உண்மை. தலாமஸின் அந்தத் திரளுக்கு வந்து சேரும் நரம்பிணைப்புகளில் விழித்திரையிலிருந்து வருபவை பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பெரும்பகுதி அருகிலுள்ள தடுப்புச் செல்கள், மூளைத்தண்டு, முக்கியமாகப் புறணியிலிருந்து இறங்கி வருபவை. செய்தியைப் பெற வேண்டிய இடமே, எதை அனுப்பலாம், எப்போது அனுப்பலாம் என்று கீழே சொல்லிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கையை வைத்து மட்டும் வலிமையை அளக்க முடியாது என்பதும் உண்மை; செய்தியின் உள்ளடக்கத்தைத் தீர்மானிப்பவை அந்தச் சொற்ப விழித்திரை இழைகள்தான். ஆனாலும் வெறும் இடைநிலையம் என்று தலாமஸை இனிச் சொல்ல முடியாது.

அருவிச் சோதனையும் இந்த மாற்றத்தோடு சேர்ந்து மாறியது. 1990-இல் அவி சௌத்ரி, நீரோட்டம்போல் நகரும் காட்சியை வைத்துக்கொண்டு, பார்ப்பவரின் கவனத்தை நடுவில் உள்ள எழுத்து, எண்களைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு இழுத்தார். கண் அதே அசைவைப் பார்த்தது, கவனம் மட்டும் வேறிடத்தில். பின்விளைவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. 1995-இல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், பாறை நகர்வதாகத் தோன்றும் நொடிகளில் எம்.டி. பகுதி ஒளிர்வதைப் பார்த்தபோது எல்லாம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். 2001-இல் ஹுக்கும் சகாக்களும் அதைச் சரிபார்த்தார்கள். பாறை நகர்வது வியப்பாக இருப்பதால் கவனம் கூடுகிறது, அந்த ஒளிர்வில் பெரும்பங்கு கவனத்தினுடையது என்று காட்டினார்கள். கவனத்தைச் சமப்படுத்திய பிறகும் திசைச் செல்களுக்கு இடையிலான சமநிலைக் குலைவு எஞ்சி நின்றது. ஓர் எளிய மாயத்தோற்றத்துக்குள் கீழிருந்து வருவதும் மேலிருந்து வருவதும் இவ்வளவு பின்னிக் கிடக்கின்றன.

2008-இல் வந்த ஓர் ஆய்வு என்னை இன்னும் அசர வைக்கிறது. ஓடும் மனிதர், பாயும் விலங்கு போன்ற அசையாத புகைப்படங்களை, எல்லாம் ஒரே திசையில் போவதாக இருக்கும்படி வரிசையாகக் காட்டினார்கள். அதன் பிறகு பார்த்தவர்களுக்கு எதிர்த்திசையில் அசைவு தெரிந்தது. விழித்திரையில் அந்தத் திசையில் எதுவும் நகரவே இல்லை. ‘இது ஓடிக்கொண்டிருக்கிறது’ என்ற அறிவு மேலிருந்து இறங்கி, அசைவுச் செல்களைத் தொட்டிருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துக் கேம்பிரிட்ஜுக்குப் போன வி. எஸ். ராமச்சந்திரன் 1980-களில் ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸோடு செய்த ஆய்வுகளும் இந்தப் பக்கமே கை காட்டின. இரண்டு விதமாகப் பொருள் கொள்ளக்கூடிய அசைவைப் பார்க்கும்போது, உலகம் வழக்கமாக எப்படி நடந்துகொள்ளும் என்ற எதிர்பார்ப்பை வைத்தே மூளை ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது.

எதிர்பார்ப்பைப் போலவே பழக்கமும் பார்வையை மாற்றும். கல்லாற்றுக் காட்டில் மொட்டமூடு என்ற குடியிருப்பில் வாழும் காணி இனத்தைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மா, நூற்றுக்கணக்கான பச்சிலை மருந்துகளை நினைவிலேயே வைத்திருப்பவர் என்று பெயர் பெற்றவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தக் காட்டில் நமக்கு ஒரே பச்சையாகத் தெரிவது அப்படிப்பட்டவர்களுக்கு ஒரே பச்சையாகத் தெரிவதில்லை. பறவைகளையும் கார்களையும் நுணுக்கமாக இனம் காணப் பழகியவர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2000-இல் வந்த ஆய்வு, முகங்களைப் பார்க்கும்போது எழும் பகுதி இவர்களுக்குத் தங்கள் துறைப் பொருள்களைப் பார்க்கும்போதும் கூடுதலாக எழுவதைக் காட்டியது. வாழ்ந்து பழகியது பார்வைப் பாதையையே திருத்துகிறது.

இதெல்லாம் ஆர்வத்துக்கான விஷயம் மட்டும் என்றால் நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். ஹூபலும் வீசலும் 1963 முதல் இன்னொன்றையும் காட்டியிருந்தார்கள். பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடிவைத்தால், பிறகு திறந்தாலும் புறணி அந்தக் கண்ணுக்குச் செவிகொடுப்பதில்லை. இதிலிருந்து மருத்துவம் கற்றுக்கொண்ட முதல் பாடம் அருமையானது. பிறவிக் கண்புரையைக் கூடிய சீக்கிரம், முடிந்தால் முதல் இரண்டு மாதங்களுக்குள் எடுத்துவிட வேண்டும். இரண்டாவதாக ஒன்றும் ஒட்டிக்கொண்டது: அந்தக் காலம் தாண்டினால் பயனில்லை. தாமதமாக மருத்துவமனையை எட்டும் ஏழைப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது பாடம் எவ்வளவு பெரிய அநீதி!

எம்.ஐ.டி.யின் பவன் சின்ஹா 2000-களில் தொடங்கிய பிரகாஷ் திட்டம், டெல்லி ஷ்ராஃப் கண் மருத்துவமனையோடு சேர்ந்து, பிறவியிலேயே பார்வையற்ற சிறுவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து, அதன் பின் அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று தொடர்ந்து கவனித்தது. 2011-இல் அவர்கள் வெளியிட்டது, 1688-இல் வில்லியம் மாலினூ ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்ட கேள்விக்கான பதில். தொட்டு அறிந்த பொருளை, பார்வை கிடைத்ததும் பார்த்தே அடையாளம் காண முடியுமா? சிகிச்சை முடிந்த இரண்டு நாளுக்குள், 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரும் ஏறத்தாழ ஊகம் செய்யும் அளவிலேயே நின்றார்கள். சில நாட்களிலேயே அந்தத் திறமை வரத் தொடங்கிவிட்டது. 2015-இல் இன்னொன்று தெரிந்தது. சம நீளக் கோடுகளை நீளம் குறைந்ததாகவும் கூடியதாகவும் காட்டும் மாயத்தோற்றங்களில், பார்வை பெற்ற உடனேயே இந்தக் குழந்தைகளும் நம்மைப்போல் ஏமாந்தார்கள். சில கணக்குகள் அனுபவத்துக்குக் காத்திருப்பதில்லை.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2009-இல் வந்த ஆய்வு. நெடுங்காலம் கழித்துப் பார்வை பெற்ற மூன்று பேருக்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு வடிவங்களைக் காட்டினால், அவர்கள் பல துண்டுகளைக் கண்டார்கள். ஒரு பந்தின் புகைப்படத்தில் அதன் நிழலும் அவர்களுக்குத் தனிப் பொருள். ஆனால் அந்த வடிவங்கள் நகரத் தொடங்கியதும் துண்டுகள் சேர்ந்து முழுப் பொருளாகின. சேர்ந்து அசைவது ஒன்றே என்ற கணக்குதான் கோடு, நிறம், நிழல் எல்லாவற்றுக்கும் முன்னதாக வேலை செய்தது. மாதங்கள் கழிந்த பிறகு, அசையாத படங்களையும் அவர்கள் பிரித்தறியக் கற்றார்கள். பாறையை நகரச் செய்து நம்மை ஏமாற்றும் அதே அசைவறியும் திறன்தான் அவர்களுக்கு உலகத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

பார்வைக் கூர்மை முழுவதும் திரும்புவதில்லை. இதை மறைக்கக் கூடாது. பலருக்குக் கண் ஆட்டமும் நிற்பதில்லை. ஆனால் தடுமாறாமல் நடப்பது, ஆளைத் தெரிந்துகொள்வது, பொருளை எடுப்பது எல்லாம் வருகின்றன. 12 வயதில் சிகிச்சை பெற்ற ஒரு பெண் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அன்றாடப் பார்வை வேலைகள் பெரும்பாலானவற்றை நன்றாகவே செய்ததை 2006-இல் பதிவு செய்திருக்கிறார்கள். பிறவிக் கண்புரைக்கு ஒரு காரணமான ருபெல்லாவுக்குத் தட்டம்மையோடு சேர்த்துப் போடும் தடுப்பூசியை 2017 முதல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசு இலவசமாகத் தருகிறது. குழந்தையின் கண்மணியில் வெண்மை தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாட்கள் போய்விட்டிருந்தாலும், எட்டு வயதோ பத்து வயதோ ஆகிவிட்டிருந்தாலும், காட்ட வேண்டும்.