மருந்தோடு வாழ்க்கை – 9: பழைய அட்டையை நீட்டும்போது

“அண்ணாச்சி, இதே மாத்திரைல ரெண்டு அட்டை தாங்க.”

ராதாபுரம் பக்கம் சுகருக்கும் பிரஷருக்கும் பலர் மருந்து வாங்குவது இப்படித்தான். சீட்டு வீட்டில் கிடக்கும், காலி அட்டை மட்டும் கடைக்கு வரும். கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற முடியாத முதியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. அரசு தந்த அட்டையில் இருப்பது அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை. மகன் வெளியூரில் டாக்டரிடம் காட்டி வாங்கித் தந்த அட்டையிலும் அதே அம்லோடிபின்தான், கம்பெனிப் பெயரும் நிறமும்தான் வேறு. அம்மா இரண்டையும் விழுங்குகிறார். கால் வீங்குகிறது, எழுந்தால் கிறக்கம் வருகிறது. இடுப்பு வலிக்கென்று டைக்குளோஃபினாக்கும் சேர்ந்தால் பிரஷர் ஏறும். எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் காட்டு வேலையில் வேர்த்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் அதைப் போட்டால் சிறுநீரகத்துக்கே ஆபத்து.

இதைத் தடுக்கக்கூடியவர் மருந்தாளுநர். தயவுக்காக அல்ல, அது அவர் கடமை. மருந்தின் பெயர், அளவு, பக்கவிளைவு, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது, மறுபடி எப்போது வாங்குவது என எல்லாவற்றையும் நோயாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்கின்றன 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகள்.

1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65ஆவது விதி இன்னும் கறாரானது. திரும்பத் தரலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் ஒழிய, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. தரும்போதெல்லாம் டாக்டரின் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, தேதியைக் குறிக்க வேண்டும். பலருக்கு இது வீண் வேலையாகத் தோன்றலாம். எனக்கோ இந்தத் தேதிதான் மிக முக்கியமாகப் படுகிறது. தினம் ஒன்று வீதம் முப்பது மாத்திரை வாங்கியவர் ஐம்பதாம் நாள் வந்து நின்றால், இடையில் இருபது நாள் விட்டுப்போயிருக்கிறது என்பதைச் சீட்டே காட்டிக்கொடுத்துவிடும். விடியுமுன் கடலுக்குப் போகும் இடிந்தகரைக்காரருக்குக் காலை மாத்திரை ஏன் தவறுகிறது என்று விசாரிக்க அதுவே வழி. நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டுவரும்படி மருந்தாளுநர் சொல்லி அனுப்பலாம்.

ஆகவே அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, இதே மருந்தை எத்தனை மாதம் வாங்கலாம் என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்குச் சீட்டோடு, வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அரசு தந்தது, வலிக்கு வாங்கியது, நாட்டு மருந்து, ஒன்றையும் விடாதீர்கள். இரண்டு அட்டையில் ஒரே மருந்து இருக்கிறதா, எதைச் சாப்பாட்டுக்கு முன் போடுவது, எதை உடைக்கக் கூடாது என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். சாயங்காலக் கூட்டத்தில் அவரால் நின்று பேச முடியாது. மதியம் போங்கள், மருந்தாளுநர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.