படிக்கட்டு யாருக்குச் சொந்தம்?

ஒரு கட்டடம் எழும்பி முடிந்ததும் அதை வடிவமைத்தவரின் பணி நிறைவடைகிறது. அதில் குடியேறுவோரின் அன்றாட வாழ்வை அந்த வடிவம் ஆளத் தொடங்குவது அதன் பிறகுதான். அண்டை வீட்டாரோடு கலந்து பழகுவதையும், பொது இடத்தைத் தூய்மையாக வைத்திருப்பதையும், இரவில் அச்சமின்றிப் படியேறுவதையும் மனிதர்களின் குணத்தோடு சுவரும் வாசலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இந்தப் பாடத்தை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. ஏழை மக்களுக்காக 1950-களின் நடுவில் அங்கு ப்ரூயிட்-ஐகோ என்னும் குடியிருப்பு எழுந்தது. 11 தளங்கள் கொண்ட 33 கட்டடங்கள், 2,870 வீடுகள். பின்னாளில் நியூயார்க் உலக வர்த்தக மையக் கோபுரங்களை உருவாக்கிய மினோரு யமசாகிதான் இதையும் வடிவமைத்தார்.

மின்தூக்கிகள் மூன்று தளங்களுக்கு ஒருமுறை மட்டுமே நின்றன. அவை நிற்கும் தளங்களில் நீண்ட நடைக்கூடங்கள் இருந்தன. குழந்தைகள் விளையாடவும் பெண்கள் கூடிப் பேசவும் அவை உதவும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், அவை வழிப்பறிக்கும் வன்முறைக்கும் இடமாயின. குடியேற்றம் தொடங்கி இருபது ஆண்டுகள் நிறைவதற்குள், 1972-இல் அக்கட்டடங்களை வெடிவைத்துத் தகர்க்கும் பணி தொடங்கிவிட்டது.

கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் அங்கே கண்டது சிந்திக்கத்தக்கது. இரண்டு குடும்பங்கள் மட்டும் பகிர்ந்துகொண்ட வாசல் முகப்புகள் நன்கு பராமரிக்கப்பட்டிருந்தன. இருபது குடும்பங்கள் பகிர்ந்த நடைக்கூடங்கள் சீரழிந்து கிடந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பொதுவான மின்தூக்கிகளுக்கும் படிக்கட்டுகளுக்கும் அதே கதி. அதே மக்கள் தத்தம் வீட்டின் உட்புறத்தை நேர்த்தியாகவே வைத்திருந்தனர். சாலைக்கு எதிர்ப்புறம், அதே பொருளாதார நிலையில் இருந்தோர் வாழ்ந்த உயரம் குறைந்த வரிசை வீடுகளில் இத்தகைய சிக்கல் எழவில்லை.

பழி முழுவதையும் வடிவத்தின் மீது சுமத்துவது நியாயமாகாது. பராமரிப்புச் செலவைக் குடியிருப்போரின் வாடகையிலிருந்தே ஈடுகட்ட வேண்டியிருந்தது. நகரின் மக்கள்தொகை சரிந்து, வீடுகள் காலியாகி, வாடகை வருவாய் குறைந்ததும் பராமரிப்பும் குன்றியது. பொதுவான ஒன்றின் பொறுப்பு எத்தனை பேருக்குப் பங்கிடப்படுகிறதோ அந்த அளவுக்குத் தனிமனிதரின் அக்கறை சுருங்கும் என்பது பொருளியலின் அரிச்சுவடி. யாருடன் எதைப் பகிர வேண்டும் என்ற அந்தப் பங்கீட்டைத்தான் வரைபடம் எழுதுகிறது.

தென் அமெரிக்காவின் சிலி நாடு இதற்கு வேறொரு விடை கண்டது. இக்கிக்கே நகரின் நடுவே சுமார் 30 ஆண்டுகளாக ஆக்கிரமிப்பு நிலத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 100 குடும்பங்களுக்கு வீடு கட்ட, குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியமே கிடைத்தது. நிலம், குழாய், கட்டுமானம் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். அலெஹாந்த்ரோ அரவேனா தலைமையிலான குழுவினர் மக்களை நகரின் விளிம்புக்குத் துரத்தவில்லை. ஒவ்வொருவருக்கும் பாதி வீடு கட்டினர். சமையலறை, குளியலறை, படிக்கட்டு, உறுதியான சுவர்கள் என ஏழைகள் தாமே கட்டிக்கொள்ளக் கடினமான பாதியை அரசின் பணம் ஏற்றது. மறுபாதி வெற்றிடமாக விடப்பட்டது. குடும்பங்கள் வசதி வந்தபோது அதில் அறைகளைச் சேர்த்துக்கொண்டன.

அங்கும் சுமார் இருபது குடும்பங்களுக்கு ஒரு பொது முற்றம் உண்டு. எண் ஒன்றுதான்; ஆனால் முற்றத்தைச் சுற்றி வீடுகள் நிற்பதால், அது எப்போதும் யாரேனும் ஒருவரின் பார்வையில் இருக்கிறது. யார் கண்ணிலும் படாத நடைக்கூடத்துக்கு அந்தக் காவல் வாய்க்கவில்லை.

இந்தச் சிந்தனை நமக்குப் புதிதன்று. உலக வங்கி உதவியுடன் 1977-இல் தொடங்கிய சென்னை நகர மேம்பாட்டுத் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதிகளும் வழங்கப்பட்டன. மக்கள் தம் சக்திக்கேற்ப வீட்டை வளர்த்துக்கொண்டனர். பின்னர் நாம் அந்தப் பாதையை விட்டு விலகி, கண்ணகி நகர், பெரும்பாக்கம் என நகரின் விளிம்பில் ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடிகளை நாடினோம்.

நிலம் அரிதான நகரில் அடுக்குமாடிகளைத் தவிர்க்க இயலாது என்பது உண்மையே. ஆயினும், ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒப்புதல் தருமுன் மூன்று கேள்விகளுக்கு விடை பெற வேண்டும். ஒரு படிக்கட்டை எத்தனை குடும்பங்கள் பகிரும்? மின்தூக்கி பழுதானால் யார், எந்த நிதியிலிருந்து சரிசெய்வார்? தையல் இயந்திரமோ இட்லிக் கடையோ வைத்துப் பிழைப்போருக்கு எங்கே இடம்?

கட்டிய வீடுகளின் எண்ணிக்கையை ஆண்டறிக்கை சொல்லும். அவை நல்ல குடியிருப்புகளா என்பதை, பத்தாண்டுகள் கழித்து அவற்றின் படிக்கட்டுகளே சொல்லும்.