ஒரு கூம்பும் இரு சுருள்களும்



திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அன்று வீடுகளில் இருந்த வானொலிப் பெட்டியையும் இன்று நம் கையில் இருக்கும் கருவிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வால்வுகள் மறைந்தன, டிரான்சிஸ்டர்கள் வந்தன, அவையும் சுருங்கி நகக்கண் அளவுச் சில்லுக்குள் அடங்கிவிட்டன. ஆயினும், மின்னோட்டத்தை ஒலியாக மாற்றி நம் செவிக்குத் தரும் ஒலிபெருக்கி மட்டும் தன் அடிப்படை அமைப்பில் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. அதன் புதிய வடிவங்களுள் ஒன்றான இரட்டைக் குரற்சுருள் ஒலிபெருக்கியைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன். கடைகளில் இதனை ‘டூயல் வாய்ஸ் காயில்’ என்பார்கள். சுருள் இரண்டு என்றவுடன் ஒலியும் இரு மடங்கு என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய்வோம்.

முதலில் ஒற்றைச் சுருள் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். காந்தப் புலத்தில் வைத்த கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி ஒரு பக்கமாகத் தள்ளப்படும். மின்னோட்டத்தின் திசை மாறினால் தள்ளும் திசையும் மாறும். இவ்வுண்மையைக் கொண்டு, காகிதக் கூம்பின் கழுத்தில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்றைப் பொருத்தி, அதனை வட்டவடிவக் காந்தத்தின் இடுக்கில் தொங்கவிடுகிறார்கள். பேச்சுக்கும் இசைக்கும் ஏற்ப மாறும் மின்னோட்டம் சுருளில் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பும் உடன் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் 1898இல் இயங்குசுருளுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் வடிவத்தை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியாளர்கள் 1925இல் வெளியிட்டனர்.

இரட்டைச் சுருள் ஒலிபெருக்கியில் காந்தம் ஒன்று, கூம்பும் ஒன்று. கூம்பின் கழுத்திலுள்ள ஒரே உருளையில் இரண்டு தனித்தனிக் கம்பிகளைச் சுற்றியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியே இரண்டு முனைகள் இருப்பதால் வெளியே நான்கு முனைகள் தெரியும். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு காளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரு திசையில் நடந்தால் வண்டி ஓடும். ஒன்று முன்னுக்கும் மற்றொன்று பின்னுக்கும் இழுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அதுபோலவே, ஒரு சுருளின் நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறிவிட்டால் இரு விசைகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். கூம்பு அசையாது; மின்னாற்றல் முழுவதும் வெப்பமாகிச் சுருளைச் சுடும்.

இதனைச் சோதித்தறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. 1.5 வோல்ட் உலர்மின்கலம் ஒன்று போதும். மின்கலத்தின் நேர்முனையைச் சுருளின் நேர்முனையிலும், எதிர்முனையை எதிர்முனையிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளிப்புறமாகத் துள்ளும். அடுத்த சுருளுக்கும் அவ்வாறே செய்யுங்கள். இரண்டும் ஒரே பக்கம் துள்ளினால் முனைகளின் குறியீடு சரி. வகுப்பறையில் நான் இதைச் செய்து காட்டும்போது, கடைசி வரிசை மாணவரும் எழுந்து முன்னே வந்து பார்ப்பார்கள்.

இனி, பலர் தடுமாறும் இடத்திற்கு வருவோம். ஒவ்வொரு சுருளும் 4 ஓம் மின்மறுப்பு உடையது என்று கொள்வோம். தொடர் இணைப்பில் இரண்டும் கூடி 8 ஓம் ஆகும். பக்க இணைப்பில் 2 ஓம் ஆகக் குறையும். பத்தாம் வகுப்பில் நீங்கள் படித்த ஓம் விதிதான் இது. மின்பெருக்கி 16 வோல்ட் தருமானால், 8 ஓமில் 2 ஆம்பியர் பாயும். 2 ஓமில் 8 ஆம்பியர் பாயும். ஒலிபெருக்கி அதே ஒலிபெருக்கிதான். இணைப்பு மாறியதால் மின்னோட்டம் நான்கு மடங்காகிவிட்டது.

இக்கணக்கைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்குத் துறையூர்ப் பக்கத்தில் நான் அறிந்த செய்தி ஒன்று உண்டு. ஒலிபெருக்கி வாடகைத் தொழில் செய்யும் இளைஞர் ஒருவர் கடன் வாங்கிப் புதிய இரட்டைச் சுருள் ஒலிபெருக்கி வாங்கினார். அவருடைய மின்பெருக்கி 4 ஓமுக்குக் குறைந்த சுமையைத் தாங்காதது. அவரோ இரு சுருள்களையும் பக்க இணைப்பில் பூட்டிவிட்டார். திருமண வீட்டில் ஒரு மணி நேரம் நன்றாக முழங்கியது. பிறகு மின்பெருக்கியிலிருந்து புகை வந்தது. அன்றைய கூலியும் போயிற்று. பழுது பார்க்கும் செலவும் சேர்ந்தது. மின்பெருக்கியின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் மிகக் குறைந்த ஓம் அளவைப் படித்திருந்தால் இவ்விழப்பு நேர்ந்திராது.

அப்படியானால் இரட்டைச் சுருளால் பயன் யாது? முதற்பயன், கையிலுள்ள மின்பெருக்கிக்கு ஏற்றவாறு 8 ஓம் அல்லது 2 ஓம் என்று அமைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, இடப்பக்க இசையை ஒரு சுருளுக்கும் வலப்பக்க இசையை மற்றொன்றுக்கும் தரலாம். கூம்பு இரண்டையும் தானே கூட்டிவிடும். தாழ்ந்த ஒலிகளுக்கு இது பொருந்தும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அத்தகைய ஒலி அறையின் எந்த மூலையிலிருந்து வருகிறதென்று செவி எளிதில் பிரித்தறியாது. ஆகவே ஒரே பெட்டி போதுமானதாகிறது.

ஒலி இரு மடங்காகுமா என்ற வினா எஞ்சியிருக்கிறது. ஆகாது. ஒரே அளவு மின்திறனை இரு சுருள்கள் பங்கிட்டுக்கொள்கின்றன; அவ்வளவே. மின்திறனையே இரட்டிப்பாக்கினாலும் ஒலி அளவு 3 டெசிபெல்தான் கூடும். செவிக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமாயின் மின்திறன் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆகவேண்டும். மேலும், சாதாரணக் கூம்பு ஒலிபெருக்கியில் நூறு பங்கு மின்னாற்றலில் ஒன்றிரண்டு பங்கே ஒலியாகிறது, மற்றவை வெப்பமாகின்றன. கூடுதல் கம்பியால் கூம்பின் எடை கூடுவதையும் மறக்கலாகாது. அதிரும் பொருளின் எடை ஒலியை எவ்வளவு மாற்றும் என்பதற்கு மிருதங்கமே சான்று. அதன் தோலின் நடுவிலுள்ள கரும்பூச்சின் எடைதான் அதன் ஒலிகளைச் சுருதியில் நிறுத்துகிறது என்று ஆராய்ந்து விளக்கியவர், நம் திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமன் அவர்கள்.

இறுதியாக ஒரு சிறு சோதனை. இரட்டைச் சுருள் ஒலிபெருக்கி கிடைத்தால், எதனோடும் இணைக்காமல், கூம்பை விரல்நுனிகளால் மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். பிறகு ஒரு சுருளின் இரு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்துவிட்டு மீண்டும் அழுத்துங்கள். கூம்பு முன்னிலும் தயங்கி அசைவதை விரல் உணரும். சுருள் காந்தத்தின் நடுவே நகரும்போது மின்னோட்டம் பிறந்து, தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டலும், 1834இல் லென்ஸ் வகுத்த விதியும் அங்கே உங்கள் விரல்நுனியில் இருக்கின்றன. பாடநூலில் படித்ததைக் கையால் தொட்டறிந்த மாணவன் மின்பெருக்கியைப் புகையவிடமாட்டான் என்பது என் நம்பிக்கை.