வேட்டை நாய்க்கு மின்சாரக் கழுத்துப்பட்டை தெரிந்தெடுக்கும் விதம்

நியூஜீலண்டு தேசத்தின் வட தீவில் வைத்தாங்கி என்னும் காடு ஒன்று உண்டு. பறக்கவியலாத கிவிப் பறவைகள் ஏறக்குறைய 900 அக்காட்டில் வாழ்ந்து வந்தன. 1987-ம் ஆண்டில் ஆராய்ச்சியின் பொருட்டு அவற்றுள் 24 பறவைகளுக்கு ரேடியோக் கருவி பூட்டப்பட்டிருந்தது. சில வாரங்களுக்குள் அவற்றில் 13 பறவைகள் கடியுண்டு மாண்டன. காட்டில் தனியே திரிந்த ஜெர்மன் ஷெப்பர்டு ஜாதிப் பெட்டை நாய் ஒன்றே இதற்குக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. அதனைச் சுட்டுக் கொன்ற பிறகே பறவைகள் மடிவது நின்றது. கருவி பூட்டாத பறவைகளையும் சேர்த்து 500 வரை அந்த ஒரு நாய்க்கே இரையாகியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். கிவியின் மார்பெலும்பு மற்றப் பறவைகளுடையதைப்போல் உறுதியாக அமைந்ததன்று. ஆதலால் நாய் விளையாட்டாகக் கவ்வினாலும் அது பிழைப்பது அரிது.

மேற்கண்ட நாய் வேட்டை நாயன்று. ஆயினும் அந்நாட்டுக் குடியானவர்களுக்கு வேட்டை நாய் இன்றியமையாதது. காட்டுப்பன்றிகள் அங்கே மேய்ச்சல் நிலத்தைக் கிளறிப் பாழாக்குவதோடு, அப்போது ஈன்ற செம்மறிக் குட்டிகளையும் தின்றுவிடுகின்றன. பன்றியை மோப்பத்தால் கண்டுபிடித்துக் குரைத்து நிறுத்தும் நாயும், பாய்ந்து பிடித்துக்கொள்ளும் நாயும் ஆகிய இருவகை நாய்களையும் கூட்டிச்சென்று அவர்கள் வேட்டையாடுகின்றனர். பன்றி இருக்கும் காடுகள் சிலவற்றிலேயே கிவியும் இருக்கின்றது. நாயோ எஜமானன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், புதருக்குள், தன் மூக்கு காட்டிய வழியே செல்லும் பிராணி. அங்கே அது எதைத் தொடுகின்றது, எதை விடுகின்றது என்பதைக் கூவிக் கட்டுப்படுத்த இயலாது. இத்தகைய இடத்திற்காகவே மின்சாரக் கழுத்துப்பட்டை என்னும் சாதனம் ஏற்பட்டது. அதனை வாங்க எண்ணுவோர் கவனிக்கவேண்டிய விஷயங்கள் இங்கே கூறப்படுகின்றன.

சாதனம் இரண்டு பாகங்களுடையது. ஒன்று எஜமானன் கையில் வைத்துக்கொள்ளும் சிறு ரேடியோக் கருவி. மற்றொன்று நாயின் கழுத்துப்பட்டையில் பொருத்திய சிறு பெட்டி. அதனடியில் தோலைத் தொடும்படி இரண்டு உலோக முனைகள் இருக்கும். கையிலுள்ள பொத்தானை அழுத்தினால் அம்முனைகளுக்கிடையே தோலின் வழியாக மின்சாரம் பாயும். கணப்பொழுது மட்டும் பாயும்படி ஒரு பொத்தானும், அழுத்தியிருக்கும் வரை பாயும்படி மற்றொரு பொத்தானும் இருப்பது வழக்கம். இரண்டாவது வகையில், விரலை எடுக்க மறந்தாலும் சில விநாடிகளில் மின்சாரம் தானே நின்றுவிடும் அமைப்பு இருக்கின்றதா என்பதைக் கேட்டறிந்தே வாங்கவேண்டும். அவ்வமைப்பு இல்லாத கருவி எவ்வளவு மலிவாயினும் கைக்கொள்ளத் தக்கதன்று.

அமெரிக்காவில் அரிஜோனா ராஜ்யத்து டூசான் நகரிலிருந்த ட்ரைட்ரானிக்ஸ் என்னும் கம்பெனி, வேட்டை நாய்க்காரரிடையே இச்சாதனத்தைப் பரவச் செய்தவர்களுள் முதன்மையானது. 2011-ம் ஆண்டில் அதனைக் கார்மின் கம்பெனி வாங்கிக்கொண்டது. ஆதிகாலத்துப் பட்டைகளில் மின்சாரத்தின் வலுவைக் கையிலிருந்து மாற்ற வழியில்லை. வலுவைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டுமாயின், நாயை அழைத்துப் பட்டையிலுள்ள முளையைக் கழற்றி வேறு முளை பொருத்தவேண்டியிருந்தது. ஓடுகின்ற நாய்க்கு அதிகம் என்று தெரிந்தாலும் அந்நேரத்தில் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. இச்சாதனத்திற்கு ஏற்பட்ட கெட்ட பெயரில் பெரும்பகுதி அக்காலத்தில் உண்டானதே.

இப்போதைய கருவிகளில் வலுவைக் கையிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். சிலவற்றில் பத்துப் படிகளும், டாக்ட்ரா போன்றவர்களின் சில கருவிகளில் 127 படிகளும் உள்ளன. வாங்குவோர் பெரும்பாலும் மேல்படி எவ்வளவு வலுவானது என்றே விசாரிக்கின்றனர். உண்மையில் பார்க்கவேண்டியது கீழ்ப்படிகளையே. நாய் காதை அசைத்து, ‘இது என்ன’ என்பதுபோல் திரும்பிப் பார்க்கும் அளவே போதுமானது. அந்த அளவுக்கும் அதற்கு மேற்பட்ட படிக்கும் இடையே வித்தியாசம் மிகச் சிறிதாக இருக்கவேண்டும். ஒரு படி ஏற்றியவுடன் நாய் ஊளையிடுமாயின், அக்கருவியின் படிகள் பருமட்டானவை. வெவ்வேறு கம்பெனிகளின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதும் பயனற்றது. 2013-ம் ஆண்டில் பிரிட்டனில் வெளிவந்த ஒரு பரிசோதனையில், கருவிக்குக் கருவி வெளிப்படும் மின்சாரத்தின் அளவில் பெருத்த வேற்றுமை காணப்பட்டது. ஒன்றில் 5 என்பது மற்றொன்றில் 5 ஆகாது. அன்றியும், ஒரே நாய்க்கு உலர்ந்த கழுத்தில் ஒருவிதமாகவும், குளத்தில் நீந்தி வந்த கழுத்தில் வேறுவிதமாகவும் மின்சாரம் உறைக்கும்.

தூரத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 500 கஜம், அரை மைல், ஒரு மைல் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது மரம் மேடு இல்லாத வெளியில் எட்டும் தூரமாகும். அடர்ந்த காட்டிலும் பள்ளத்தாக்கிலும் அதில் ஒரு பங்கே எட்டும். புல்வெளியில் காடைகளை எழுப்பும் நாய் துப்பாக்கி எட்டும் தூரத்திற்குள்ளேயே வேலை செய்வதால் அதற்கு அரை மைல் கருவி தாராளமாகப் போதும். பன்றியையோ கரடியையோ மோப்பம் பிடித்து மைல்கணக்கில் ஓடும் நாய்க்கு அது போதாது. அத்தகையவர்களுக்காக, நாய் இருக்குமிடத்தை வானத்திலுள்ள துணைக்கோள்களின் உதவியால் கையிலுள்ள படத்தில் காட்டும் பட்டைகள் வந்துள்ளன. கார்மின் கம்பெனி 2007-ல் வெளியிட்ட ஆஸ்ட்ரோ இவ்வகையைச் சேர்ந்தது. 2013-ல் வந்த ஆல்பா என்னும் கருவியில் இருப்பிடம் காட்டுதலும் பயிற்சியும் சேர்ந்துள்ளன. காணாத நாய்மீது பொத்தானை அழுத்துவதைவிடப் பெரிய தவறு இத்தொழிலில் இல்லை. அந்தக் கணத்தில் நாய் பன்றியின் எதிரே நிற்கலாம், அல்லது எஜமானனை நோக்கியே திரும்பி வந்துகொண்டிருக்கலாம். ஆகையால் தொலைவில் வேலை செய்யும் நாய் வைத்திருப்போர், பணம் ஒன்றுக்கே உள்ளதாயின், மின்சாரம் இல்லாத, இருப்பிடம் மட்டும் காட்டும் பட்டையை வாங்குவதே மேல்.

பட்டையில் ஒலி எழுப்பும் அமைப்பும் அதிர்வு உண்டாக்கும் அமைப்பும் இருப்பது நல்லது. ‘வா’ என்பதற்கு அடையாளமாக அதிர்வைப் பழக்கிவிட்டால், பல நாய்களுக்கு மின்சாரம் தேவைப்படுவதேயில்லை. காது கேளாத நாய்க்கும் அதிர்வு அனுகூலமானது.

உலோக முனைகள் இரண்டு நீளங்களில் கிடைக்கும். குட்டை ரோமமுள்ள பாயின்டர் போன்ற நாய்களுக்குச் சுமார் அரை அங்குல முனையும், அடர்ந்த ரோமமுள்ளவற்றிற்கு முக்கால் அங்குலமோ அதற்கு மேற்பட்டதோ வேண்டும். முனை தோலைத் தொடாவிடில் நாய் ஒன்றையும் உணராது; எஜமானன் படியை ஏற்றிக்கொண்டே போவான்; நாய் திரும்பும்போது முனை திடீரெனத் தொட்டு முழு வலுவும் பாயும். நாய்கள் கெட்டுப்போன கதைகள் பலவற்றின் மூலம் இதுவே. மறுபுறம், பட்டையை இறுக்கிக் கட்டி இராப்பகலாக விட்டுவைத்தால் முனைகள் அழுந்திய இடத்தில் புண் உண்டாகும். அப்புண் மின்சாரத்தால் சுட்டதென்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அழுத்தத்தாலும் ஈரத்தாலும் உண்டானதேயாகும். முனைக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு விரல் நுழையுமாறு கட்டி, ஒன்றிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை இடம் மாற்றி, வேலை முடிந்தவுடன் கழற்றிவிடுதல் முறை. கழுத்தையும் முனைகளையும் ஈரத்துணியால் துடைத்துவரவேண்டும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குட்டிக்கு இதனைக் கட்டலாகாது என்று செய்வோரே எச்சரிக்கின்றனர்.

இனி, இச்சாதனத்தை வாங்குவதுதான் நலமா என்னும் கேள்வி. இதில் அறிஞரின் பரிசோதனைகள் ஒரு முகமாக இல்லை. எனினும் கூர்ந்து நோக்கினால் அவற்றில் ஒரு ஒழுங்கு தென்படுகின்றது. ஜெர்மனியில் ஹானோவர் நகரத்து ஆராய்ச்சியாளர் 2007-ல் வெளியிட்ட பரிசோதனையில் 14 பீகிள் நாய்கள் மூன்று பிரிவாக்கப்பட்டன. ஓடும் பொம்மை முயலைத் தொட்ட கணத்திலேயே முதற் பிரிவுக்கு மின்சாரம் கொடுக்கப்பட்டது. முன்னரே கற்பித்த ‘திரும்பி வா’ என்னும் கட்டளைக்குக் கீழ்ப்படியாதபோது இரண்டாம் பிரிவுக்குக் கொடுக்கப்பட்டது. மூன்றாம் பிரிவுக்கோ காரணமின்றிக் கண்டபோதெல்லாம் கொடுக்கப்பட்டது. கலக்கத்தின் அடையாளமாகிய கார்டிசால் என்னும் சுரப்பு பின்னிரண்டு பிரிவுகளில் மிகுந்தது; முதற் பிரிவில் குறிப்பிடத்தக்க அளவு மிகவில்லை. இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், எதனால் துன்பம் வந்தது, அதனை எவ்வாறு விலக்கலாம் என்பது நாய்க்குத் தெளிவாக விளங்கும் இடத்தில் கேடு குறைவு. விளங்காத இடத்தில் கேடு அதிகம். அந்தத் தெளிவு பொத்தானை அழுத்தும் நேரத்தைப் பொறுத்தது. பழகாத கைக்கு அந்நேரம் எளிதில் வாய்ப்பதில்லை.

நெதர்லாந்தில் காவல் நாய்களைக் கவனித்து 2004-ல் எழுதியவர்கள், மின்சாரத்தால் பழக்கிய நாய்கள் பயிற்சி வெளிக்கு அப்பாலும் எஜமானன் கட்டளையிட்டபோது உடலைத் தாழ்த்தி அஞ்சி நின்றதைக் கண்டனர். இங்கிலாந்தில் லிங்கன் சர்வகலாசாலையார், கூப்பிட்டால் வராமை, ஆடுகளைத் துரத்துதல் முதலிய குற்றமுள்ள 63 நாய்களை வைத்துச் செய்து 2014-ல் வெளியிட்ட பரிசோதனையில், தின்பண்டமும் பாராட்டும் கொடுத்துப் பழக்குவதைவிட மின்சாரத்தால் அதிகப் பலன் காணப்படவில்லை. ஆனால் அரிஜோனா ஸ்டேட் சர்வகலாசாலையில் 2024-ல் 19 நாய்களைக்கொண்டு செய்ததில், வேகமாக ஓடும் பொருளைத் துரத்துவதை மின்சாரம் சில அமர்வுகளிலேயே நிறுத்திற்று. தின்பண்டம் கொடுத்துப் பழக்கிய நாய்கள் ஐந்து அமர்வுகளிலும் நிறுத்தவில்லை. மின்சாரம் பட்டபோது நாய்கள் கத்தியதையும் அவர்கள் மறைக்காமல் எழுதியுள்ளனர். ஆகவே, கட்டளைகளைக் கற்பிப்பதற்கு இச்சாதனம் வேண்டுவதில்லை. தொடக்கூடாத ஒன்றைத் துரத்தும் ஆவேசத்தை அறுப்பதற்கு, தக்கவர் கையில், ஓரளவு பயன்படும் என்றே கொள்ளவேண்டியிருக்கின்றது.

நியூஜீலண்டில் கிவியைக் காக்கும்பொருட்டு இதனை உபயோகிக்கும் முறை இக்கருத்துக்கு ஒத்தது. அங்கே நாயின் சொந்தக்காரர் தம் இஷ்டப்படி செய்வதில்லை. இயற்கைப் பாதுகாப்பு இலாகாவின் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர் செய்கின்றார். ஒற்றையடிப் பாதையோரத்தில் இறந்த கிவியின் உடல், இறகு, கூட்டுச் சருகு முதலியவை வைக்கப்படுகின்றன. நாய் தானாக அவற்றை அணுகி முகரும் கணத்தில் சிறு அதிர்ச்சி கொடுக்கப்படுகின்றது. ஒருவரும் வையவோ கூவவோ மாட்டார். நாய் அத்துன்பத்தை அந்த வாசனையோடு மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்பது கருத்து. பின்னர் மறுபடியும் அவ்வழியே விட்டுச் சோதித்து, ஒதுங்கிச் செல்லும் நாய்க்குச் சான்றிதழ் அளிக்கின்றனர். குறித்த காலத்திற்குப் பின் மறுசோதனை உண்டு. கிவி வாழும் சில பகுதிகளில் நாயோடு வேட்டைக்குச் செல்ல அச்சான்றிதழ் வேண்டும். இதனால் கிவிக்கு முழுப் பாதுகாப்பு ஏற்பட்டுவிட்டதாக அவ்விலாகாவே சொல்வதில்லை.

வாங்குமுன் சட்டத்தையும் பார்க்கவேண்டும். வேல்ஸ் நாட்டில் 2010 முதல் இப்பட்டைகளை நாய்க்கும் பூனைக்கும் கட்டுவது குற்றம். ஜெர்மனியில் 2006-ல் உயர் நிர்வாக நீதிமன்றம், வலி உண்டாக்கும் இத்தகைய சாதனத்தை நாய்ப் பயிற்சியில் உபயோகிப்பது பிராணி பாதுகாப்புச் சட்டத்திற்கு விரோதமென்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் இவை கடைகளில் தாராளமாக விற்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய ஜாதி நாய்களின் முன்னோர் வேட்டைக்குப் பெயர்பெற்றவை. எனினும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயலையோ காட்டுப்பன்றியையோ அனுமதியின்றி வேட்டையாடுவது குற்றமாகையால், வேட்டைக்கென்று இப்பட்டையை வாங்க இங்கே முகாந்தரமில்லை. கிராம அதிகாரிகளிடம் வரும் பிராது வேறு: தோட்டக் காவலுக்கு வளர்த்த நாய், ஓடுகின்ற ஆட்டைக் கண்டால் இரத்த வாசியால் துரத்திக் கடித்துவிடுகின்றது. அதற்காக வெளிநாட்டுப் பட்டை தருவிக்குமுன் செய்து பார்க்கவேண்டியது 30 அடிக் கயிறு. இரண்டு மூன்று மாதக் குட்டியாயிருக்கும்போதே நாள்தோறும் மந்தையின் அருகில் கட்டிப் பழக்கவேண்டும். வளர்ந்த நாயாயின் நீண்ட கயிற்றில் பிடித்து மந்தையோரம் நடத்தி, ஆட்டை விட்டு எஜமானனை நோக்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு கருவாடு கொடுக்கவேண்டும். கயிற்றை அவிழ்த்து விடுவதற்குச் சில மாதங்கள் செல்லும். அதுவரை அந்நாயை மந்தை செல்லும் நேரத்தில் வெளியே விடாதிருப்பது சொந்தக்காரர் பொறுப்பு.