முதிய பூனைகளில் தொடர் வாந்தி

முதிய பூனைகளில் தொடர் வாந்தி என்பது, பத்து வயதைத் தாண்டிய வீட்டுப் பூனை தான் தின்ற உணவை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அடிக்கடி வெளியேற்றும் நிலையைக் குறிக்கும். இது தனி நோய் அன்று. குடல், தைராய்டு சுரப்பி, சிறுநீரகம், கணையம், கல்லீரல் எனப் பல உறுப்புகளின் கோளாறுகளுக்குப் பொதுவான ஓர் அறிகுறி.

"பூனை என்றால் கக்கத்தான் செய்யும், உடம்பை நக்கிக்கொண்டே இருக்கிறதல்லவா" என்று சொல்லி விட்டுவிடுவது பூனை வளர்க்கும் வீடுகளில் வழக்கம். இளம்பூனை எப்போதாவது அறுகம்புல்லைத் தின்று கக்குவதற்கும், நீள முடியுள்ள பெர்சியன் பூனை எப்போதோ ஒரு முடியுருண்டையைத் தள்ளுவதற்கும் இந்தச் சமாதானம் பொருந்தும். பன்னிரண்டு வயதுப் பூனை வாரம் இருமுறை சாப்பாட்டைக் கக்குவதற்குப் பொருந்தாது.

அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் 2013-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்று. மூன்று மாதங்களாக மாதம் இருமுறையாவது வாந்தி எடுத்தவை, நாட்பட்ட கழிச்சல் உள்ளவை, எடை குறைந்தவை என 100 பூனைகளின் குடல் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். 99 பூனைகளுக்கு உண்மையிலேயே குடல் நோய் இருந்தது. 49 பூனைகளுக்கு நாட்பட்ட குடல் அழற்சி. 46 பூனைகளுக்கு லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய். ஸ்கேனில் குடல்சுவர் தடித்துத் தெரிந்த பூனைகளையே ஆய்வில் சேர்த்ததால், கக்குகிற எல்லாப் பூனைக்கும் இக்கணக்கைப் பொருத்தக் கூடாது. ஆனால் அவற்றுள் பலவற்றின் வீட்டாரும் முடியுருண்டை என்றே நினைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

வாந்தியா, எதுக்களித்தலா?

முதலில் பிரித்தறிய வேண்டியது இது. வாந்தி எடுக்கும் பூனை அதற்கு முன்பே அமைதி இழக்கும். உதட்டை நக்கும், எச்சில் வடிக்கும். பிறகு வயிறு உள்ளிழுத்துக் குலுங்க ஓங்கரிக்கும். வெளிவருவது பாதி செரித்த உணவாகவோ, மஞ்சள் பித்தநீராகவோ, வெண்ணுரையாகவோ இருக்கும்.

எதுக்களித்தல் அப்படியன்று. கைக்குழந்தை பாலை எதுக்களிப்பது போல, எந்த முயற்சியும் இல்லாமல் தலையைத் தாழ்த்தியதும் உணவு வழுக்கிக்கொண்டு வரும். செரிக்காத முழு உணவு, பல நேரம் குழாய் வடிவில், சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே வந்துவிடும். பூனை அதையே திரும்பத் தின்னவும் பார்க்கும். உணவு இரைப்பைக்குப் போகவே இல்லை என்பது இதன் பொருள். அவசரமாக விழுங்குவது, இன்னொரு பூனை பிடுங்கிவிடுமோ என்ற பயம், பல் விழுந்ததால் மெல்லாமல் விழுங்குவது ஆகியவை எளிய காரணங்கள். தட்டையான தாம்பாளத்தில் உணவைப் பரப்பி வைத்து, ஒரு வேளைச் சாப்பாட்டை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தால் இவ்வகை பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால் உணவுக்குழாயைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டி, இருமி, கடைசியில் எதுவுமே வராவிட்டால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். அதையும் "முடி சிக்கியிருக்கிறது" என்றே சொல்வார்கள்.

எடையும் நோட்டும்

மருத்துவரிடம் போகுமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை எடை பார்ப்பது. பூனையைத் தூக்கிக்கொண்டு எடைப் பொறியில் நின்று, பிறகு தனியாக நின்று, கழித்துக்கொள்ளலாம். ஆனால் மனித எடைப் பொறியில் 100, 200 கிராம் வேறுபாடு சரியாகத் தெரியாது. குழந்தைகளை நிறுக்கும் பொறி கிடைத்தால் நல்லது. நான்கு கிலோ பூனை 400 கிராம் இழந்தால் அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு. அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இழந்ததற்குச் சமம். தினமும் பார்க்கும் கண்ணுக்கு இது தெரிவதே இல்லை. ரோமம் மறைத்துவிடும். முதுகெலும்பைத் தடவிப் பார்த்தால்தான் கை சொல்லும்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துக் கக்கியது, என்ன வந்தது, அன்று என்ன தின்றது என்று எழுதி வைத்தால் மூன்று வாரத்தில் ஓர் ஒழுங்கு தென்படும். விடியற்காலையில் வெறும் மஞ்சள் நீர் வந்தால் அது காலி வயிற்றின் எரிச்சலாக இருக்கலாம். இரவு கடைசியாகக் கொஞ்சம் உணவு வைத்துப் பார்க்கலாம். எட்டு, பத்து மணி நேரத்துக்கு முன் தின்றது அப்படியே வந்தால் இரைப்பையிலிருந்து உணவு கீழே இறங்கவில்லை என்று அர்த்தம். குறிப்பிட்ட உணவு வைத்த நாளில் மட்டும் வந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். தண்ணீர்க் கிண்ணம் எத்தனை முறை காலியாகிறது, மணலில் சிறுநீர்க் கட்டி பெரிதாகிறதா என்பதையும் எழுத வேண்டும்.

காரணம் வயிற்றுக்கு வெளியே

வாந்தியைத் தூண்டும் மையம் மூளைத்தண்டில் இருக்கிறது. குடல் உறுத்தினாலும் அது விழிக்கும். இரத்தத்தில் கழிவுகள் சேர்ந்தாலும் விழிக்கும். அதனால்தான் இரைப்பையில் ஒரு குறையும் இல்லாத பூனை சிறுநீரகக் கோளாறால் வாந்தி எடுக்கிறது. நாட்பட்ட சிறுநீரக நோய் முதிய பூனைகளில் மிகப் பரவலானது. அதிகத் தண்ணீர் குடித்தல், அதிகச் சிறுநீர், பசியின்மை, மெலிதல், வாய் நாற்றம் ஆகியவை உடன் வரும்.

தைராய்டு மிகைச்சுரப்பு இதற்கு நேர்மாறான வேடம் போடும். பூனைகளில் இந்நோய் அமெரிக்காவில் 1979-இல்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது; இன்று முதிய பூனைகளின் முக்கிய நோய்களுள் ஒன்று. பூனை நன்றாகத் தின்னும். முன்பைவிட அதிகமாகவே தின்னும், இரவில் கத்தும், சுறுசுறுப்பாக ஓடும். ஆனால் மெலிந்துகொண்டே போகும்.

இதை எழுதுபவரின் வீட்டில் சுந்தரி என்றொரு பூனை இருந்தது. பதின்மூன்றாம் வயதில் அடிக்கடி கக்க ஆரம்பித்தது. "இந்த வயதிலும் எப்படிச் சாப்பிடுகிறது பார்" என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டு ஒன்பது மாதம் ஓட்டினோம். 4.1 கிலோ இருந்தது 3.2 ஆன பிறகே கண் திறந்தது. இரத்தம் எடுத்து, மனிதர்களுக்குச் சோதிக்கும் ஒரு பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினோம். டி4 அளவு 9.2 என்று வந்தது. பக்கத்தில் அச்சாகியிருந்த இயல்பு அளவு 5 முதல் 12. "நார்மல்" என்று நிம்மதியாக வீடு திரும்பி, இரண்டு மாதத்தில் நான்கு வகை உணவு மாற்றினோம். பிறகு வேறொரு கால்நடை மருத்துவர் அதே தாளை வாங்கிப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். அந்த அச்சிட்ட அளவைப் பேனாவால் அடித்துவிட்டு, "இது மனுஷங்களுக்கு உள்ளதுங்க" என்றார். பூனைக்கு இயல்பு அளவு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 1 முதல் 4 மைக்ரோகிராம்தான். 9.2 என்பது இரண்டு மடங்குக்கும் மேல்.

முப்பது ஆண்டுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவருக்கு, எந்த வகுப்பின் விடைக்குறிப்பு என்று பார்க்கத் தோன்றவில்லை. ஆகவே மனிதப் பரிசோதனை நிலையத்தில் சோதிப்பவர்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, பூனைக்குரிய அளவோடு ஒப்பிட வேண்டும். நோய் இலேசாக இருந்தால் டி4 இயல்பின் மேல் எல்லைக்குள்ளேயே நிற்பதும் உண்டு. சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

இதற்கு மெத்திமசோல் அல்லது கார்பிமசோல் மாத்திரை கொடுக்கப்படுகிறது. தொடக்க வாரங்களில் இம்மாத்திரையே வாந்தியையும் முகச் சொறிச்சலையும் உண்டாக்கலாம். இரத்த அணுக்கள் குறையலாம். தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மிகைத் தைராய்டு சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டி, அங்கிருக்கும் நோயை மறைத்துவிடும். தைராய்டு கட்டுக்குள் வந்ததும் கிரியாட்டினின் ஏறும். சுந்தரிக்கும் ஏறியது. கக்குவது ஆறு வாரத்தில் நின்றது. ஆனால் அதன்பின் சிறுநீரகத்துக்கான உணவும் சேர்ந்துகொண்டது. மேலும் இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் இருந்தது.

சர்க்கரை நோய், கல்லீரல் நோய், கணைய அழற்சி ஆகியவையும் வாந்தி தரும். பூனைக்குக் கணைய அழற்சி வந்தால் வெளிப்படையான வயிற்று வலி தெரியாது. சோர்ந்து படுத்து, உணவை முகர்ந்துவிட்டுப் போய்விடும். முதிய பூனைகளில் எளிதில் கவனிக்காமல் போவது மலச்சிக்கல். மணலில் உட்கார்ந்து முக்கிவிட்டு வந்து கக்கும் பூனையை வயிற்று நோயாளி என்று எண்ணிவிடுகிறோம்.

குடல்

இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் அகப்படாவிட்டால் சந்தேகம் குடலுக்குத் திரும்பும். ஒவ்வாமையா என்றறிய, பூனை இதுவரை தின்றிராத ஒரே இறைச்சியையோ, புரதம் நுண்ணியதாக உடைக்கப்பட்ட சிறப்பு உணவையோ மட்டும் கொடுப்பார்கள். குடல் அறிகுறிகளாக இருந்தால் இரண்டு, மூன்று வாரத்திலேயே வேறுபாடு தெரியும். இந்தச் சோதனை நம் வீடுகளில் தோற்பதற்குக் காரணம் பாட்டி கொடுக்கும் ஒரு துண்டு மீனும், அடுத்த வீட்டுப் பாலும்தான். வேறெதுவும் வாயில் படக் கூடாது.

அதிலும் தீராவிட்டால் ஸ்கேன், பிறகு திசுப் பரிசோதனை. நாட்பட்ட அழற்சியையும் மெதுவாக வளரும் லிம்போமாவையும் ஸ்கேனில் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் குடல் தடித்தே தெரியும். லிம்போமா என்றதும் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மெதுவாக வளரும் வகை, பிரட்னிசலோனும் குளோராம்புசில் மாத்திரையும் கொடுத்தால் பல பூனைகளில் ஓராண்டுக்கு மேலும், சிலவற்றில் பல ஆண்டுகளும் அடங்கியிருக்கும். குடல் கெட்ட பூனைகளில் பி12 குறைவது வழக்கம் என்பதால் அதற்கு ஊசியும் போடுவார்கள்.

சாப்பாடும் சுற்றுப்புறமும்

வளர்ந்த பூனைக்குப் பால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. மீன் குழம்புச் சோற்றில் உள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்பில் போடுமுன் மீனைத் தனியாக வேகவைத்து எடுத்து வைக்கலாம். திறந்து வைத்த உலர் உணவுப் பை மழைக்காலத்தில் காறல் வாடை அடிக்கும். நமக்கு முன்பே பூனைக்கு அது தெரியும்.

பல்லி தின்னும் பூனைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல்லி விழுந்த உணவு நஞ்சு என்ற நம்பிக்கை வேறு, இது வேறு. வெப்பமண்டல நாடுகளில் பிளாட்டினோசோமம் என்னும் தட்டைப்புழு நத்தையிலிருந்து பூச்சிக்கும், பூச்சியிலிருந்து பல்லிக்கும், பல்லியைத் தின்ற பூனைக்கும் போய்ப் பித்தக்குழாயில் குடியேறுகிறது. வாந்தி, மெலிவு, முற்றினால் மஞ்சள் காமாலை வரும். சாதாரணப் பூச்சி மாத்திரை இதற்குப் போதாது.

பூக்கட்டும் நூல், தையல் நூல், பொட்டல ரப்பர் ஆகியவற்றை விழுங்கும் பழக்கம் முதிய பூனைக்கும் உண்டு. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. உள்ளே மாட்டிய நூல் குடலை அறுத்துவிடும்.

காத்திருக்கக் கூடாதவை

ஒரே நாளில் பலமுறை வாந்தி, வாந்தியில் இரத்தம் அல்லது காப்பித்தூள் போன்ற கருமை, காதின் உட்புறமோ ஈறோ மஞ்சளாவது ஆகியவை அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. கடுவன் பூனை மணலில் உட்கார்ந்து சிறுநீர் வராமல் முனகி, கூடவே வாந்தியும் எடுத்தால் சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கிறது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

வாந்தி நிற்கட்டும் என்று பட்டினி போடுவது மனிதருக்குச் செய்யும் வைத்தியம். பூனை, குறிப்பாகப் பருத்த பூனை, இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே ஆபத்தாகும். வீட்டிலிருக்கும் மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.

மருத்துவரிடம்

தமிழ்நாட்டில் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்து மருத்துவமனைகள் உள்ளன. முழு இரத்த எண்ணிக்கை, கிரியாட்டினின், சர்க்கரை, ஈரல் அளவுகள், டி4, சிறுநீர், மலம் ஆகியவற்றை முதல் சுற்றிலேயே கேட்டுப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். நோட்டையும், பூனை கக்கும்போது கைபேசியில் எடுத்த காணொளியையும் கொண்டுபோக வேண்டும். வாந்தியா எதுக்களித்தலா என்று நாம் கால் மணி நேரம் விவரிப்பதை மருத்துவர் பத்து விநாடியில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

கூடையை அன்று காலையில் பரணிலிருந்து இறக்கினால் பூனை கட்டிலுக்கடியில் போய்விடும். இரண்டு நாள் முன்பே நடுவீட்டில் திறந்து வைத்து, உள்ளே அது படுக்கும் பழைய துணியைப் போட்டு வைத்தால் தானே போய் உட்கார்ந்துகொள்ளும்.